இரண்டாம் செமஸ்டர்: மகளின் சுமைக்கும் ஒரு கணக்கு நோட்டு

(கூட்டமைப்பின் தை மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



கடன் தவணை, வங்கி இணைப்பு, நிலுவைப் பட்டியல் எல்லாம் பேசி முடிச்சாச்சு. எனக்குக் கொடுத்திருப்பது அரை மணி நேரம். இன்னைக்கு நான் பேசப்போறது பணத்தைப் பத்தி இல்லை. பிள்ளைங்க படிப்பைப் பத்தி. அதிலும் போன ஆனி, ஆடியில் நாம் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்த பொம்பளைப் பிள்ளைங்களைப் பத்தி.

யார் யார் வீட்டுப் பொண்ணு இந்த வருஷம் கல்லூரி முதல் வருஷம் படிக்குது? கை தூக்குங்க பார்ப்போம். சரி, நிறையப் பேர் இருக்கீங்க. சந்தோஷம். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் இவ்வளவு கை எழுந்திருக்காது.

இப்போ இன்னொரு கேள்வி. நவம்பர் மாதம் எழுதின பரீட்சையில் பொண்ணு எத்தனை பேப்பரில் பாஸ் என்று யாருக்குத் தெரியும்? பாருங்க, பாதிக் கை கீழே இறங்கிடுச்சு. தப்பாச் சொல்லலை. எங்க அம்மாவிடம் கேட்டிருந்தாலும் அன்னைக்குக் கை இறங்கித்தான் இருக்கும்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கண் கலங்கிச் சொன்னாங்க: "பாப்பா, பொண்ணு காலேஜுக்குப் போகமாட்டேங்குது. மூணு பேப்பர் போச்சாம். நின்னுட்டு கம்பெனி வேலைக்குப் போறேங்குது. நான் என்ன செய்யட்டும்?" அந்த அக்காவுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்க எல்லாருக்கும் சொல்லப்போறேன்.

இரண்டாம் செமஸ்டர் ஏன் ஆபத்தான காலம்?

கல்லூரியில் வருஷத்துக்கு இரண்டு செமஸ்டர். முதல் செமஸ்டர் ஆனி, ஆடியில் தொடங்கி நவம்பர் பரீட்சையோடு முடியும். இரண்டாம் செமஸ்டர் டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் பரீட்சையோடு முடியும். முதல் செமஸ்டர் ரிசல்ட் பெரும்பாலும் இரண்டாம் செமஸ்டர் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் வரும். அதாவது, பழைய பாக்கி எவ்வளவு என்று தெரிவதற்குள் புதுப் பாடம் பாதி ஓடிப்போயிருக்கும்.

நம்ம பிள்ளைங்க பல பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழில் படிச்சவங்க. கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கின பிள்ளைக்குக்கூட முதல் செமஸ்டரில் ஒன்று இரண்டு பேப்பர் தவறுவது உண்டு. அதற்குப் பெயர் அரியர். அரியர் என்றால் படிப்பு போச்சு என்று அர்த்தம் இல்லை. நிலுவை என்று அர்த்தம். கலை அறிவியல் கல்லூரிகளில் அரியர் இருந்தாலும் பெரும்பாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். விட்ட பேப்பரை அடுத்து வரும் பரீட்சையில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். நர்சிங், பாலிடெக்னிக், இன்ஜினியரிங் படிப்புகளில் விதி வேறு. அந்தந்தக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளணும்.

இது தெரியாமல் பிள்ளை பயந்துவிடுகிறது. வீட்டில் சொல்லாமல் மறைக்கிறது. நமக்கும் தெரியாது. நாம் நம்ம பங்குக்குச் சுமையை ஏற்றிக்கொண்டே போகிறோம். தை மாதம் கல்யாணம், மாசி, பங்குனியில் திருவிழா, அறுவடை வேலை எல்லாம் இந்த நான்கு மாதத்துக்குள்தான் வருது. சித்திரை வரும்போது பிள்ளை தாங்க முடியாமல் நின்றுவிடுகிறது. "படிப்பு ஏறலை, நிறுத்திட்டோம்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். படிப்பு ஏறாதது காரணமா, சுமை ஏறினது காரணமா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

எனக்கு நடந்தது

நான் 2008-ல் கல்லூரியில் சேர்ந்தேன். எங்க குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.எஸ்சி. வேதியியல். பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். எங்க அம்மா அப்போ குழு உறுப்பினர். என்னைச் சேர்ப்பதற்காகக் குழுவில் மூவாயிரம் ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தாங்க.

2009 ஜனவரியில், பொங்கல் முடிந்ததும் ரிசல்ட் வந்தது. ஆங்கிலமும் துணைப்பாடமான கணிதமும் போச்சு. வீட்டில் சொல்லலை. அம்மா மாதாமாதம் தவணை கட்டிக்கிட்டு இருக்கும்போது, பெயில் ஆயிட்டேன்னு எந்த வாயால் சொல்றது?

அந்த நேரம் பார்த்துத் தெரிஞ்சவங்க ஒருத்தர், "வெறும் டிகிரியை வச்சுக்கிட்டு என்ன செய்வே? டைப்பிங், கம்ப்யூட்டர் இரண்டும் படி" என்று சொன்னார். இரண்டு பேப்பர் போன குற்ற உணர்ச்சியில் இரண்டிலும் சேர்ந்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு டைப்பிங். அங்கிருந்தே பஸ் பிடித்துக் கல்லூரி. சாயந்திரம் கம்ப்யூட்டர் வகுப்பு. வீடு வரும்போது மணி எட்டு. வந்ததும் பாத்திரம், தண்ணீர். புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். காய்ச்சல் என்று சில நாள், அசதி என்று சில நாள் கல்லூரிக்குப் போகலை.

மார்ச் மாதம் நோட்டீஸ் போர்டில் என் பெயர். வருகை 71 சதவீதம்தான். அபராதம் கட்டினால்தான் பரீட்சை எழுத முடியும். பணம் கேட்டு அம்மாவிடம் போய் நின்றபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. "நான் நின்னுடறேம்மா, திருப்பூர் போறேன்" என்று அழுதேன்.

எங்க அம்மா அஞ்சாம் வகுப்பு. அடிக்கலை, திட்டலை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னாங்க: "குழுவுல ஒருத்தி வாங்குன கடன் நிலுவையில நிக்குது. அவளே வந்து இன்னும் ரெண்டு கடன் கேட்டா நாங்க குடுப்போமா? முதல்ல இதைக் கட்டு தாயி, அப்புறம் பார்ப்போம்னுதானே சொல்லுவோம். நீ ரெண்டு நிலுவையை வச்சுக்கிட்டு ரெண்டு புதுக் கடன் வாங்கியிருக்கே. உனக்கு யாருடி கடன் குடுத்தது?"

அக்கா, நான் அதற்குப் பிறகு சமூகப்பணியில் முதுகலைப் படிப்பு படிச்சேன். எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கேன். எங்க அம்மா அன்னைக்குக் கேட்டதைவிடத் தெளிவான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் பேச்சு முழுக்க இந்த ஒரு விஷயம்தான். பழைய நிலுவை எவ்வளவு, புதுத் தவணை எவ்வளவு, கையில் இருக்கிற நேரம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் புதுச் சுமை ஏற்றணும்.

முதலில் பேப்பர் கணக்கு

நம்ம தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பாடங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று. பொண்ணு எடுத்திருக்கிற முக்கியப் பாடத்தில் பெரும்பாலும் இரண்டு பேப்பர். துணைப்பாடம் அல்லது விருப்பப் பாடம் ஒன்று. அதோடு வேறு துறையிலிருந்து ஒரு பாடம், திறன் பாடம் என்று சின்னச் சின்னதாக ஒன்று இரண்டு. மொத்தம் ஒரு செமஸ்டரில் ஏழு பேப்பர் அளவில் வரும். கல்லூரிக்குக் கல்லூரி ஒன்று கூடும், குறையும்.

கிரெடிட் என்று ஒரு வார்த்தை சொல்லுவாங்க. ஒவ்வொரு பேப்பருக்கும் எவ்வளவு எடை என்று அதில் தெரியும். முக்கியப் பாடத்துக்கு நான்கு, ஐந்து கிரெடிட் இருக்கும். சின்னப் பாடத்துக்கு இரண்டு இருக்கும். மூன்று வருஷ இளங்கலைப் படிப்புக்கு நம்ம மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 140 கிரெடிட். எடை அதிகமான பாடத்துக்கு அதிக நேரம் வேணும். இரண்டு கிரெடிட் பாடத்தில் பிள்ளை படம் வரைந்து, அட்டை ஒட்டி ஒரு வாரத்தைச் செலவு செய்துவிட்டு, ஐந்து கிரெடிட் பாடத்தைப் பரீட்சைக்கு முதல் நாள் படிக்கக்கூடாது.

இந்த ஏழு பேப்பரும் கல்லூரி கொடுப்பது. அதை நாம் குறைக்க முடியாது. நம்ம கையில் இருப்பது நான்கு விஷயம். ஒன்று, விருப்பப் பாடமாக எதை எடுப்பது. இரண்டு, அரியரில் எதை இப்போ எழுதுவது. மூன்று, வெளி வகுப்பு எதில் சேருவது, எப்போ சேருவது. நான்கு, வீட்டு வேலை.

விருப்பப் பாடத்தை எடுக்கும்போது கூட்டாளிப் பொண்ணு எடுக்குது என்று எடுக்கக்கூடாது. இரண்டாம் வருஷம் படிக்கிற அக்காமாரிடம் கேட்கச் சொல்லுங்க. பாடப்புத்தகம் நூலகத்தில் கிடைக்குமா, செய்முறை வேலை அதிகமா, போன வருஷம் கேள்வித்தாள் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று பேப்பர் கஷ்டமாக இருக்கும்போது இதையாவது பிள்ளைக்குப் பிடித்த, படித்தால் புரிகிற பாடமாக எடுக்கணும்.

அடுத்து மணிக் கணக்கு

ரொக்க ஏட்டில் வரவு, செலவு, கையிருப்பு எழுதுகிறோம் இல்லையா? அதே மாதிரி இப்போ ஒரு பொண்ணின் ஒரு வாரத்தை எழுதிப் பார்ப்போம். கரும்பலகையில் எழுதறேன், பாருங்க.

வரவு: ஒரு வாரத்துக்கு 24 மணி வீதம் 7 நாள். மொத்தம் 168 மணி. பணக்காரப் பிள்ளைக்கும் இதேதான், நம்ம பிள்ளைக்கும் இதேதான்.

செலவு:
தூக்கம், நாளுக்கு 7 மணி வீதம் 49 மணி.
காலை ஏழரைக்குப் பஸ் ஏறி மாலை ஐந்து மணிக்கு வீடு வரும் கல்லூரி நாள், ஐந்து நாளுக்கு 47½ மணி.
வீட்டு வேலை, நாளுக்கு 3 மணி வீதம் 21 மணி.
குளிக்க, தலை வார, சாப்பிட, துணி துவைக்க, நாளுக்கு 2½ மணி வீதம் 17½ மணி.
டைப்பிங் வகுப்பு, போக வர ஒன்றரை மணி வீதம் ஐந்து நாளுக்கு 7½ மணி.
சனி, ஞாயிறு காட்டு வேலை, 10 மணி.
போன், டி.வி., பேச்சு, நாளுக்கு ஒன்றரை மணி வீதம் 10½ மணி.

கூட்டினால் 163 மணி. கையிருப்பு 5 மணி.

இந்த ஐந்து மணி நேரத்தில்தான் ஏழு பேப்பரும் படிக்கணும், இரண்டு அரியரும் படிக்கணும். ஒன்பது பேப்பருக்குப் பங்கு போட்டால் வாரத்துக்கு ஒரு பேப்பருக்கு 33 நிமிடம். இந்தப் பிள்ளையைப் பார்த்து "எந்நேரமும் புக்கும் கையுமாத்தான் இருக்கு, ஆனா மார்க் வரலை" என்று சொல்லுகிறோம். புக்கு கையில் இருக்கு அக்கா, நேரம்தான் கையில் இல்லை.

இப்போ சின்னச் சின்னதா மாற்றுவோம். டைப்பிங்கை மே மாதத்துக்குத் தள்ளினால் 7½ மணி மிச்சம். வீட்டு வேலையில் நாளுக்கு ஒரு மணி குறைத்தால் 7 மணி. போனில் நாளுக்கு அரை மணி குறைத்தால் 3½ மணி. மொத்தம் 18 மணி கூடியது. ஐந்தோடு சேர்த்தால் 23 மணி. ஒரு பேப்பருக்கு வாரத்தில் இரண்டரை மணி நேரம் கிடைக்குது. தூக்கத்தைக் குறைக்கலை. காட்டு வேலையைக்கூடத் தொடலை. இது நடக்கிற காரியம்தானே?

வீட்டு வேலையில் கை வைக்கணும்

இங்கேதான் நம்ம மனசு தடுக்கும். "பொம்பளைப் பிள்ளை வேலை பழக வேண்டாமா?" என்று கேட்பீங்க. பழகட்டும். இரண்டு மணி நேரம் செய்து பழகினால் போதும். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம். நம்ம வீட்டில் தம்பிக்காரன் ஒரு குடம் தண்ணீர் எடுத்தால், அவன் தட்டை அவனே கழுவினால், அந்த நிமிடம் அக்காவின் புத்தகத்துக்குப் போகும்.

எங்க வீட்டில் அதுதான் நடந்தது. அம்மா என் தம்பியைக் கூப்பிட்டு, "சாயந்திரத் தண்ணியும் பாத்திரமும் இனிமே உன் பொறுப்பு" என்று சொல்லிட்டாங்க. அவன் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு பழகிவிட்டான். இன்னைக்கு அவன் வீட்டில் அவன்தான் பாத்திரம் கழுவுறான்.

வெளி வகுப்பை எப்போ வைக்கணும்?

டைப்பிங் வேண்டாம் என்று நான் சொல்லலை. அரசுத் தேர்வுகளுக்கு அது உதவும். ஆனால் நேரம் பார்க்கணும். தட்டச்சுத் தேர்வு வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரி பக்கமும் ஆகஸ்ட் பக்கமும் வரும். பிப்ரவரி என்பது கல்லூரியில் இன்டர்னல் தேர்வு நடக்கிற நேரம். அரியர் இருக்கிற பிள்ளைக்கு அது சரிவராது. ஏப்ரல் பரீட்சை முடித்து மே லீவில் உட்கார்ந்து பழகி, ஆகஸ்ட் தேர்வை எழுதலாம். கம்ப்யூட்டர் வகுப்புக்கும் மே மாதம்தான் நல்லது. கல்லூரியிலேயே திறன் பயிற்சி கொடுத்தால் வெளியே பணம் கட்டுவதற்கு முன் அதை விசாரிச்சுக்குங்க.

ஒரே நேரத்தில் ஒரு வெளி வகுப்புக்கு மேல் வேண்டாம். அரியர் இருக்கும்போது அந்த ஒன்றும் வேண்டாம்.

அரியரை எப்படிக் கட்டுவது?

ஒன்று, இரண்டு அரியர் என்றால் ஏப்ரலிலேயே எழுதிவிடலாம். நான்கு, ஐந்து என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதப் போனால் புதுப் பேப்பரும் போகும். அப்போ வரிசை போடணும்.

முதலில், மயிரிழையில் தவறிய பேப்பர். பல பல்கலைக்கழகங்களில் பல்கலைக்கழகப் பரீட்சை 75 மார்க், கல்லூரி கொடுக்கிற இன்டர்னல் 25 மார்க். பரீட்சையில் 75-க்கு 30-ம், மொத்தத்தில் 100-க்கு 40-ம் எடுக்கணும். 27 எடுத்துத் தவறிய பேப்பருக்கும் 9 எடுத்துத் தவறிய பேப்பருக்கும் வித்தியாசம் இருக்கு. 27-ஐ முதலில் கட்டு. விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு கேட்க வழி இருந்தால் தேதி முடிவதற்குள் கேட்கணும். ரிசல்ட் வந்து சில நாள்தான் அவகாசம் கொடுப்பார்கள்.

இரண்டாவது, அடுத்த பாடத்துக்கு அஸ்திவாரமான பேப்பர். கணிதம், கணக்குப் பதிவியல் மாதிரிப் பாடங்களில் முதல் செமஸ்டர் புரியாமல் இரண்டாம் செமஸ்டர் புரியாது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

மற்றவை நவம்பருக்கு இருக்கட்டும். தள்ளிப்போடுவது வேறு, மறந்துபோவது வேறு. எந்தப் பேப்பர் எந்த மாதம் என்று நோட்டில் எழுதி வைக்கணும். நாம் கடனுக்குத் தவணை அட்டை வைத்திருக்கிற மாதிரி. அரியருக்குப் பேப்பர் வீதம் பரீட்சைக் கட்டணம் உண்டு. கட்டணம் கட்டுகிற தேதியைப் பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டு வச்சுக்குங்க. தேதி தப்பினால் அபராதம். அதையும் விட்டால் ஆறு மாதம் காத்திருக்கணும்.

இன்டர்னல் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது நம்ம சந்தா மாதிரி. வகுப்புத் தேர்வு, எழுதிக் கொடுக்கிற வேலை, வருகை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவது. இன்டர்னலில் 5 மார்க்தான் இருக்கு என்றால் பரீட்சையில் 35 எடுக்கணும். 10 இருந்தால் 30 போதும். செமஸ்டர் முடிந்த பிறகு பெரும்பாலும் அதை மாற்ற முடியாது. அதனால் இன்டர்னல் தேர்வு அன்னைக்குக் காதுகுத்து, வளைகாப்பு என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீங்க.

ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிற பிள்ளைக்கு இன்னொரு வழி. ஆங்கில வழியில் படித்தாலும் தாய்மொழியில் பரீட்சை எழுத அனுமதிக்கும்படி 2023-ல் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்க பிள்ளையின் கல்லூரியில் அந்த வசதி இருக்கா என்று துறைத் தலைவரிடம் விசாரிக்கச் சொல்லுங்க.

வருகைப் பதிவு: 22 நாள்தான்

பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேணும். ஒரு செமஸ்டர் சுமார் 90 வேலை நாள். 68 நாள் போயே ஆகணும். அப்படின்னா லீவு போட இருப்பது 22 நாள்தான். மாதவிடாய் வலி, காய்ச்சல் என்று பிள்ளைக்கே அதில் பத்து நாள் போயிடும். மிச்சம் பன்னிரண்டு நாள். அதில் நாம் எத்தனை நாளை எடுக்கிறோம் என்று யோசிங்க. கடலை பறிக்க இரண்டு நாள், சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள், திருவிழாவுக்கு நான்கு நாள், சின்னவனைப் பார்த்துக்க இரண்டு நாள். முடிஞ்சுது.

65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் பல இடங்களில் அபராதம் கட்டி எழுதவிடுவார்கள். அதற்கும் கீழே போனால் அந்தப் பரீட்சையே எழுத முடியாமல் போகலாம்.

இதோடு சேர்த்து ஒரு கனமான விஷயம். தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு பார்க்க வருவாங்க. "சும்மா பார்த்துட்டுத்தானே போகட்டும்" என்போம். அந்தப் பிள்ளைக்கு அது சும்மா இல்லை அக்கா. பொண்ணு பார்த்துவிட்டுப் போன அன்னைக்கு ராத்திரி அது என்னத்தைப் படிக்கும்? "எப்படியும் நிறுத்தப்போறாங்க, எதுக்குப் படிக்கணும்?" என்றுதான் மனசு ஓடும். ஏழு பேப்பரைவிட அந்தச் சுமை பெரிசு. டிகிரி முடியட்டும் என்று வீட்டில் ஒரு முடிவைச் சொல்லிவிட்டாலே பாதிப் பாரம் இறங்கிடும்.

அம்மா கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

"எனக்குப் படிப்பே தெரியாது, நான் என்ன கேட்கட்டும்?" என்று சிலர் கேட்பீங்க. குழுவுக்கு வருவதற்கு முன்னால் நமக்கு வங்கி தெரியுமா? கேட்டுக் கேட்டுத்தானே தெரிந்துகொண்டோம். இந்த ஐந்தைக் கேட்டால் போதும்.

1. இந்தத் தடவை எத்தனை பேப்பர்? பழைய பாக்கி எத்தனை?
2. எந்தப் பேப்பர் ரொம்பக் கஷ்டம்? அதுக்கு யாரிடம் கேட்கலாம்?
3. இதுவரைக்கும் எத்தனை நாள் லீவு போட்டிருக்கே?
4. இன்டர்னல் தேர்வு எப்போ? பரீட்சைப் பணம் கட்டுகிற கடைசி நாள் எப்போ?
5. வீட்டில் உனக்கு எந்த வேலையைக் குறைக்கணும்?

"ஏண்டி பெயிலானே?" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் அழுகைதான் வரும். அடுத்த தடவை பிள்ளை ரிசல்ட்டையே சொல்லாது.

ஐந்தாவது கேள்வியைக் கேட்கத்தான் நமக்குக் கஷ்டம். ஆனால் பிள்ளைக்கு மனசு திறக்கிறதும் அந்தக் கேள்வியில்தான்.

நாம் சேர்ந்து செய்யக்கூடியது

மூன்று யோசனை வைக்கிறேன். சரி என்று பட்டால் உங்க குழுவில் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்க.

முதலாவது, மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் பிள்ளைங்க படிப்புக்கு. யார் பிள்ளை பாஸ், யார் பிள்ளை பெயில் என்று ஊர்க்கதை பேசவல்ல. கட்டணத் தேதி, உதவித்தொகை, பஸ் பாஸ் மாதிரி விவரம் பகிர்ந்துகொள்ள. அரசுப் பள்ளியில் படித்து மேல்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கினது நமக்குத் தெரியும். அதற்கு விண்ணப்பித்தாச்சா, என்ன நிலை என்று கல்லூரி அலுவலகத்தில் பிள்ளைங்க நேரில் கேட்கணும். வந்த பணத்தில் முதலில் பரீட்சைக் கட்டணத்தை எடுத்து வைக்கணும்.

இரண்டாவது, நம்ம ஊரிலேயே இரண்டாம், மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் முதல் வருஷப் பிள்ளைங்களோடு உட்காரச் சொல்லலாம். பழைய கேள்வித்தாளும் நோட்டும் கை மாறும். இடத்துக்குக் குழுக் கட்டடமே போதும்.

மூன்றாவது, பரீட்சைக் கட்டணம் கட்டப் பணம் இல்லை என்று எந்தப் பிள்ளையும் நிற்கக்கூடாது. சின்ன உள்கடனாகக் கொடுக்கலாம். ஐந்நூறு, ஆயிரம் இல்லாமல் ஒரு பேப்பர் தள்ளிப்போனால் மூன்று வருஷப் படிப்பே தள்ளிப்போகும்.

முடிவாக

என் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அம்மா அபராதத்தைக் கட்டினாங்க. டைப்பிங், கம்ப்யூட்டர் இரண்டையும் அன்னைக்கே நிறுத்தினேன். ஏப்ரலில் ஆங்கில அரியர் பாஸ். கணிதம் மறுபடியும் போச்சு. புதுப் பேப்பரிலும் ஒன்று போச்சு. ஒரே செமஸ்டரில் எல்லாம் சரியாகிடலை என்பதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் இந்தத் தடவை ரிசல்ட் வந்த அன்னைக்கே அம்மாவிடம் சொன்னேன். அவங்க சந்தா நோட்டின் கடைசிப் பக்கத்தில் "கணக்கு, நவம்பர்" என்று எழுத்துக் கூட்டி எழுதி வச்சாங்க. மே லீவில் டைப்பிங் தொடர்ந்து, ஆகஸ்டில் இளநிலை எழுதினேன். நவம்பரில் இரண்டு பேப்பரும் முடிந்தது. அம்மா அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் "கட்டியாச்சு" என்று எழுதினாங்க. 2011-ல் பட்டம் வாங்கினேன்.

முதலில் சொன்ன அந்த அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். "பிள்ளை கெட்டிக்காரி இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. உட்கார்ந்து கணக்குப் போடுங்க." இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு இப்போ கல்லூரிக்குப் போகுது. மூணு அரியரில் இரண்டை ஏப்ரலில் எழுதப்போகுது. ரிசல்ட் எப்படி வரும் என்று இன்னைக்குச் சொல்ல முடியாது. நின்றுவிடலை, அது போதும்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு பழைய நோட்டை எடுங்க. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைங்க. 168 மணி என்று மேலே எழுதுங்க. மீதியை அதுவே எழுதும்.



குழுவில் பேச:
• நம் குழுவில் யார் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரி முதல் வருஷம் படிக்கிறார்கள்? அவர்களுக்கு எந்த ஆதரவு தேவை?
• ஒரு பிள்ளையின் வாரக் கணக்கை எல்லோரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். கையிருப்பு எத்தனை மணி?
• ஏப்ரல் வரை வீட்டில் அவளுக்குக் குறைக்கக்கூடிய ஒரு வேலை எது? அதை யார் செய்வார்?